இங்க முன்னாடி என்ன இருந்துச்சு தெரியுமா?

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் கொட்டும் அருவிகளில் உலகத்திலேயே உயரமானது. விடிகாலை விமானத்தில் வந்து இறங்கிய தூக்கக் கலக்கம் தெளிந்து எல்லாரும் அண்ணாந்து நிற்கிறார்கள். நம்மவர் மட்டும் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையைக் கைகாட்டுகிறார்.

"இங்க முன்னாடி என்ன இருந்துச்சு தெரியுமா? கார் பார்க்கிங்!"

தகவல் சரிதான். முதல் முனையத்தின் கார் நிறுத்துமிடம் இருந்த இடத்தில்தான் ஜுவலைக் கட்டி 2019-இல் திறந்தார்கள். ஆனால், கண்ணெதிரே கொட்டுகிற அருவியை விட்டுவிட்டு இல்லாத கார் பார்க்கிங்கைப் பார் என்றால் மனிதன் எங்கே போய்ப் பார்ப்பான்?

இவரை உங்களுக்கும் தெரியும். வெளிநாட்டில் பத்துப் பதினைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பி, மடிப்பாக்கத்திலோ திருச்சி கே.கே. நகரிலோ ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர். துபாய்க்காரர் என்று ஒருவர் இருப்பார், மஸ்கட்காரர் என்று ஒருவர் இருப்பார். எங்கள் அடுக்ககத்துக்கு வாய்த்தவர் சிங்கப்பூர்க்காரர். தொண்ணூறுகளில் போய் 2008-இல் திரும்பியவர். காலை நடை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது யாரோ வாய்தவறி, "ஒரு தடவை எல்லாருமா சேர்ந்து சிங்கப்பூர் போய்ட்டு வரலாமே" என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே வாட்ஸாப் குழு தொடங்கிவிட்டது. டூர் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தை நான் அதில் போட்டேன். "டூர் கம்பெனிக்கு எதுக்கு சார் தண்டம்? நான் இருக்கேன்ல?" என்று பதில் வந்தது. அதை நம்பி மூன்று குடும்பங்கள் விசா எடுத்தன. சொன்னபடி அவர் இருந்தார். அவர் இருந்த சிங்கப்பூர்தான் இல்லை.

அது ரயில் வாசலிலேயே தெரிந்துவிட்டது. பர்ஸின் உள்ளறையில் மனைவி போட்டோவுக்குப் பின்னால் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய ஈஸிலிங்க் அட்டையை எடுத்து, ஊர்க்காரர் தோரணையில் தட்டினார். கதவு சிவப்பு காட்டியது. துடைத்துவிட்டுத் தட்டினார். மறுபடி சிவப்பு. அட்டை காலாவதியாகி எத்தனையோ காலம். பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன் வங்கி அட்டையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். "முன்னாடியெல்லாம் இது இப்படி மக்கர் பண்ணாது" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் சுற்றுலா முழுக்க முழுக்க இல்லாத இடங்களுக்குத்தான்.

மெர்லயனை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கத் தலையும் மீன் உடம்புமாகத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு நிற்கும் அந்தச் சிலை, 1972-இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் வைக்கப்பட்டது. 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வந்து கடல் பக்கத்திலிருந்து பார்வையை மறைத்ததால், 2002-இல் சுமார் 120 மீட்டர் நகர்த்திக் கொண்டுபோய் இப்போதிருக்கும் இடத்தில் வைத்தார்கள். ஊர் உலகமெல்லாம் அந்தப் புது இடத்தில் நின்று, துப்புகிற தண்ணீரைக் கையில் ஏந்துவதுபோல் படம் எடுத்துக்கொள்கிறது. எங்களை அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார். "இதோ இங்கதான் நின்னுச்சு. ஒரிஜினல் இடம். எல்லாரும் நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கலாம்." அந்தப் படம் என் கைபேசியில் இருக்கிறது. மூன்று குடும்பங்கள் நல்ல வெயிலில், எதற்கும் முன்னால் நிற்கவில்லை.

எதிர்க்கரையில் மெரினா பே சாண்ட்ஸ். மூன்று கோபுரங்களின் தலைமேல் ஒரு கப்பலைத் தூக்கி வைத்ததுபோல் 2010-இல் கட்டிய ஹோட்டல். என் மனைவிக்கு அதன் மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. "மேல ஏறி என்னத்தப் பாக்கப் போறீங்க? நான் இருந்தப்ப இது சும்மா பொட்டல். புல்லு முளைச்சுக் கிடக்கும்." அவர் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! இல்லாமல் போன ஒன்றுக்காக ஏங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே இல்லாமல் இருந்ததற்காக ஏங்குகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலே ஏறவில்லை. அந்த நேரத்தில் பழைய நூலகத்துக்குப் போனோம்.

ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் செங்கல் சிவப்பில் தேசிய நூலகம் ஒன்று இருந்தது. 2004-இல் மூடினார்கள். வேண்டாம் என்று ஊர்மக்கள் பலர் கேட்டும் இடித்து, ஃபோர்ட் கேனிங் மலைக்குக் கீழே சுரங்கச் சாலை போட்டார்கள். மிச்சம் இருப்பது வாசல்கேட்டின் இரண்டு செங்கல் தூண்கள். அந்தத் தூண்களுக்கு நடுவில் அவர் நின்றார். ராமேஸ்வரத்தில் திதி கொடுத்து வைக்கிற சாஸ்திரிகள் மாதிரி, செத்துப்போன ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். இங்கே படிக்கட்டு. அங்கே முற்றம். அந்த ஓரமாகத் தமிழ்ப் புத்தகங்கள். "வாரா வாரம் வந்துருவேன் சார்." கூடவே அத்தனை வருஷமும் அதே ஊரில் குடித்தனம் நடத்திய அவர் மனைவி, கைப்பையில் விசிறியைத் தேடிக்கொண்டே, "ஏசி நல்லாருக்கும்" என்றார்.

அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேக்கா சந்தையில் எங்களைக் கழற்றிவிட்டுவிட்டு நேராக ஒரு காய்கறிக் கடைக்குப் போனார். பழைய கடைக்காரர் எங்கே, அவர் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்தார். ஆகி, இரண்டு குழந்தைகளாம். சந்தோஷமாக அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தார். ஹோட்டல் அறையில் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

கணவரின் ஞாபகத்துக்கோ அவருடைய வயதே எல்லை இல்லை என்பது தெலோக் ஆயர் தெருவில் தெரிந்தது. அங்கே நாகூர் ஆண்டவர் பெயரில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1830-ஐ ஒட்டிக் கட்டிய தர்கா இருக்கிறது. சற்றுத் தள்ளி தியான் ஹோக் கெங் என்ற சீனக் கோயில். கப்பலில் உயிர் பிழைத்து வந்து இறங்கியவர்கள் முதல் காரியமாக நன்றி சொன்ன இடங்கள். அப்போது தெருவே கடற்கரை. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கடலைத் தூர்த்துவிட்டார்கள். இன்று அங்கிருந்து பார்த்தால் வங்கிக் கட்டடங்கள்தான் தெரியும். நம்மவர் நடைபாதையில் காலை அகட்டி நின்று, "கடல் இதுவரைக்கும் வரும் சார்" என்றார். நேற்றுத்தான் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றவர்போல் சொன்னார்.

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் கூட வந்த பேங்க் மேனேஜர் நண்பர்.

"கிட்டத்தட்ட" என்றார்.

மற்றபடி அவருக்கும் எல்லாருக்கும் உள்ள வியாதிகள்தான். காப்பிக் கடையில் "கோப்பி ஓ கோசோங்" என்று ராகம்போட்டுக் கேட்பார். பாலும் சர்க்கரையும் இல்லாமல் வந்ததைக் குடிக்க முடியாமல் என் காப்பியோடு மாற்றிக்கொள்வார். சாப்பாட்டு மேஜையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிப்பார். சட்டதிட்டம் பற்றி நாள் முழுக்கப் பாடம் எடுப்பார்: சூயிங் கம் 1992-லிருந்து விற்கக் கூடாது, டுரியான் பழத்தோடு ரயிலில் ஏறக் கூடாது. அப்படிப் பாடம் எடுத்துக்கொண்டே சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். துப்புரவு செய்கிற சீனப் பாட்டி ஓடிவந்து சட்டையைப் பிடிக்காத குறை. தட்டை எடுத்துப் போய் உரிய இடத்தில் வைக்காவிட்டால் 2021-லிருந்து அங்கே குற்றம். அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், சுவரில் தமிழிலேயே எழுதியிருந்தது.

இப்போது நேராகவே என் புகாரைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிங்கப்பூர் டாலர் அறுபது ரூபாய்க்கு மேல். பேரனுக்கு சூப்பர்ட்ரீ மரங்களைப் படம் எடுத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 50 மீட்டர் வரை உயரமான அந்த இரும்பு மரங்களில் ராத்திரியில் விளக்கும் பாட்டுமாக ஆட்டம் நடக்குமாம். நடந்த நேரத்தில் நாங்கள் செந்தோசாவில் இன்னொரு மெர்லயன், 37 மீட்டர் உயரத்தில், 2019-இல் மூடி இடிக்கப்படும்வரை எங்கே நின்றது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பாதுகாவலருக்கும் வழி தெரியவில்லை, பாவம், அவர் புதுசு. இருக்கிற ஊரைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தோம். எங்களை ஏன் ஒருவருடைய ஞாபகத்துக்குக் காவல் நிற்க வைக்க வேண்டும்? பழசு போய்விட்டது என்று அவருக்கு வருத்தம் என்றால், தனியாகப் போய் வருத்தப்படலாமே!

ராத்திரி இரண்டரை மணிக்கு அவர் எங்களை எழுப்பிக் கிளப்பியதையும் மன்னிக்க மாட்டேன். "லிட்டில் இந்தியாவுல ஒரு கடை இருக்கு. இருபத்திநாலு மணி நேரமும் தொறந்திருக்கும். கூட்டம் இல்லாம வாங்கணும்னா இதான் டயம்." தூக்கக் கண்ணோடு ஆறு பேர் நடந்து போனோம். கடைக்குக் கதவு சாத்தியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு நேரத்தைக் குறைத்துவிட்டார்களாம். அவர் பூட்டை அசைத்துப் பார்த்தார்.

அடுத்த நாள் பூகிஸ் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். ஒரு நீளமான தகரத் தடுப்பு வந்தது. உள்ளே பள்ளம், கிரேன், இரைச்சல். வழக்கமான கேள்வி வரும் என்று எல்லாரும் தயாரானோம். வரவில்லை. அவர் தடுப்பின் ஓரமாகவே நடந்தார். மனைவிதான் சொன்னார்: இங்கே ரோச்சோர் சென்டர் இருந்தது. பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று நாலு வண்ணத்தில் நாலு அடுக்ககம். குடியிருந்தவர்களை 2016-க்குள் காலி செய்யச் சொல்லி, பிறகு இடித்துவிட்டார்கள். பெரிய சாலை வருகிறது. கல்யாணமான புதிதில் அங்கே நீலக் கட்டடத்தில் ஒரே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து இருந்தார்களாம். அடுப்படி வீட்டுக்காரருக்குச் சொந்தம், காலையில் ஏழு மணிக்குள் சமைத்துவிட வேண்டும். மூத்தவன் அங்கேதான் பிறந்தான். "அந்த ஜன்னல்லேருந்து பார்த்தா ராத்திரி ரோடு பூரா விளக்கா இருக்கும்" என்றார். நம்மவர் அதற்கும் வாய் திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் அன்றைக்கு ஒரு மணி நேரம்போல் கோபம் வரவில்லை.

அங்கிருந்து பக்கத்தில் வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயில். அடுத்தாற்போலவே குவான் யின் கோயில் என்பதால், அங்கே கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணனுக்கும் கைநிறைய ஊதுபத்தி கொளுத்திவிட்டுத்தான் போகிறார்கள். அவருக்குத் தெரிந்தபடியே எல்லாம் இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தேடித்தேடியும் காணாமல் போனது எதுவும் அகப்படவில்லை. "இது மட்டும் அப்படியே இருக்கு" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கிளம்புவதற்கு முதல் நாள்தான் உச்சம். தஞ்சோங் பகார் ரயில்வே ஸ்டேஷன். 1932-இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வே கட்டியது. மலேசியாவிலிருந்து வந்த ரயில் பாதை சிங்கப்பூர் மண்ணில் முடிந்த ஸ்டேஷன். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அதோடு சரி. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். பாதை இப்போது நடைபயிலும் பசுமைப் பாதை. கட்டடத்தைத் தேசிய நினைவுச்சின்னம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். முகப்பில் நாலு பளிங்குச் சிலைகள், வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என்று. இரண்டு டாக்ஸி பிடித்துப் போனோம். சுற்றிலும் வேலி, வேலை நடக்கிறது, உள்ளே விட மாட்டார்கள். பொங்கலுக்குக் கோலாலம்பூர் போக இங்கேதான் ரயில் ஏறுவாராம். வேலிக்கு வெளியே நின்று டிக்கெட் கவுண்டர் எந்தப் பக்கம், பரோட்டாக் கடை எந்தப் பக்கம் என்று காட்டினார். டாக்ஸிகள் காத்திருந்தன. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் குழுவில் செலவுக் கணக்குப் போட்டார். ஒளிவுமறைவில்லாத கணக்கு, அதில் குறை சொல்ல முடியாது. காப்பிக் காசுகூட மூன்றாகப் பிரித்திருக்கிறார். கத்தரிக்காயைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். கீழே, "டாக்ஸி, ஸ்டேஷன் போக வர, 42 டாலர், குடும்பத்துக்கு 14" என்று ஒரு வரி. மற்ற எல்லாவற்றுக்கும் அன்றே பணம் அனுப்பிவிட்டேன். இதற்கு மட்டும் அனுப்பவில்லை. ரயிலும் இல்லாத, உள்ளேயும் விடாத ஸ்டேஷனுக்கு எதற்குக் காசு என்று கேட்டால், "சரி விடுங்க, பதினாலு டாலர்தானே" என்கிறாள் என் மனைவி. பதினாலு டாலர் என்றால் எண்ணூறு ரூபாய்க்கு மேல்.