டோனா, சத்தமா?

கேள்வி: ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், கிப்சன் லெஸ் பால் கிட்டார்கள் இரண்டையும் ஒரே ஆம்ப்பில் வாசித்துப் பார்த்தேன். லெஸ் பால்தான் கம்பீரமாகக் கேட்கிறது. அதையே வாங்கிவிடலாமா?

பதில்: கேட்டது கம்பீரமா, வெறும் சத்தமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். 1957 முதல் லெஸ் பாலில் வரும் ஹம்பக்கர் பிக்கப்பில் இரண்டு காயில்கள். அவை தொடராக இணைந்திருப்பதால் சிக்னல் பலமாக வருகிறது. ஸ்ட்ராட்டின் பிக்கப்புக்கு ஒரே காயில். சத்தம் கூடினால் நம் காதுக்கு பாஸும் ட்ரெபிளும் செழிப்பாகக் கேட்கும். அதையே நல்ல டோன் என்று நம்பிவிடுவோம். ஆகவே ஆம்ப் வால்யூமைத் திருகி, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். பிக்கப் கம்பிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நெருங்கினாலே சத்தம் ஏறும். ‘அந்தப் பலமான சிக்னல் ஆம்ப்பை உறும வைப்பதும் டோன்தானே?’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால், அந்த உறுமலில் பெரும்பங்கை ஸ்ட்ராட்டுக்கு ஒரு பூஸ்ட் பெடலே தந்துவிடும். ஒற்றைக் காயிலின் கணீர்த் தெளிவை ஹம்பக்கரிடம் முழுதாக வரவழைப்பது கடினம். அந்தத் தெளிவோடு மின்சாரத்தின் ரீங்காரமும் சேர்ந்தே வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சத்தத்தைச் சமப்படுத்திய பிறகும் லெஸ் பாலே பிடித்தால், தயங்காமல் வாங்குங்கள்.