தற்காலிகம் என்னும் நெடும்பணி

இந்திய அஞ்சல் துறையில் ‘கிராமிய டாக் சேவக்’ எனப்படுபவர், அதாவது சிற்றூர்களின் கிளை அஞ்சலகத்தை நடத்துபவரோ அங்கிருந்து தபால் பட்டுவாடா செய்பவரோ, துறையின் வேலையைச் செய்துகொண்டே துறைக்கு வெளியே நிற்கும் அரிய நிலையை அடைந்தவர். 1964ஆம் ஆண்டு விதிகள் இவரை இலாகா சாராத ஏஜென்ட் என்று குறித்தன; 2001இல் பெயர் மாறியது, நின்ற இடம் மாறவில்லை. இத்தகையோர் வகிப்பது அரசின் குடிமைப் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே தீர்ப்பளித்திருக்க, பின்வந்த விதிகளோ இவர் குடிமைப் பணிக்கு வெளியே உள்ளவர் என்றும், மத்திய அரசு ஊழியருக்குத் தாம் சமம் என்று உரிமை கோரலாகாது என்றும் உரைக்கின்றன.

இவ்விதிகளுள் சுவை மிகுந்தது வருமானம் பற்றியது. வேலைக்கு வருபவர், தமக்கும் தம் குடும்பத்துக்கும் பிழைப்புக்குப் போதிய வேறு வருமானம் உண்டு என்று எழுதிக் கொடுத்தல் வேண்டும். அதாவது, இந்த வேலையை நம்பி வாழவில்லை என்று உறுதியளிப்பவருக்கே இந்த வேலை உரியது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் இரண்டு கறவை மாடுகள் அரசின் தகவல் தொடர்புக்கு இவ்வாறு நிதி ஆதாரமாகத் திகழ்வதைப் பொருளியல் நூல்கள் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை. கிளை அஞ்சலக அதிகாரியாக அமர்பவர் அலுவலகத்துக்கான இடத்தையும் தாமே தருதல் வேண்டும் என்பதால், அரசு ஊழியர் குடியிருப்பு என்னும் வழக்கமான ஏற்பாடு இங்கே தலைகீழாகி, ஊழியரின் திண்ணையில் அரசு குடியிருக்கிறது. சைக்கிள் ஓட்டத் தெரிந்திருத்தலும் தகுதிகளுள் ஒன்று. ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுபவருக்குச் சைக்கிளும் தெரியும் என்று கொள்ளப்படும் (மிதித்துப் பல ஆண்டுகளான முழங்கால்களின் கருத்து கேட்கப்படவில்லை).

நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் இவரிடம் வேலை வாங்கலாகாது என்பதும் விதியே. ஆயினும் தபால் பையைச் சுமந்து வரும் நகரப் பேருந்து இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று. முதியோர் உதவித்தொகைக்காகக் காலை முதல் காத்திருக்கும் பாட்டியும் கட்டுப்பட்டவர் அல்லர். இந்நேரத்துக்கு ஈடாகக் கிடைப்பதை விதிகள் சம்பளம் என்று சொல்லாமல், பணி நேரத்தோடு இணைந்த ஒரு படி என்கின்றன. பட்டுவாடா செய்பவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ரூ. 10,000, ஐந்து மணி நேரத்துக்கு ரூ. 12,000 என்ற தொடக்க அளவு 1.7.2018 முதல் நடைமுறைக்கு வந்தது. விடுப்பில் செல்பவர் தம் பொறுப்பிலேயே பதிலி ஒருவரை அமர்த்திச் செல்லும் வழக்கமும் இருந்ததால், தற்காலிகத்துக்குள்ளும் ஒரு தற்காலிகம் செழித்து வளர்ந்தது.

பணிமூப்பின் வழியாகவோ துறைத் தேர்வின் வழியாகவோ பன்முகப் பணியாளராகவோ தபால்காரராகவோ உயர்வதையே ‘ரெகுலர் ஆவது’ என்கின்றனர். காலியிடமும் மூப்பும் மதிப்பெண்ணும் ஒரே ஆண்டில் ஒருவருக்கு ஒருங்கே கூடிவருவது ஜாதகப் பொருத்தத்தினும் கடினமாகையால், தலை நரைத்த பின் இப்பேறு பெற்றோர் பலர். ஊராருக்கோ இதில் வியப்பு ஏதுமில்லை. அவர்கள் அவரைத் தொடக்கம் முதலே போஸ்ட்மேன் என்றுதான் அழைத்து வந்தனர். இத்தனை காலம் அவர் என்னவாக இருந்தார் என்று இப்போது கேட்கின்றனர்.

நிரந்தரத்தின் இயல்பையும் இங்கே விளக்குதல் தகும். தற்காலிகப் பணியில் இருப்பவர் 65 வயது வரை நீடிக்கலாம். நிரந்தரமானவரோ 60இல் ஓய்வு பெற வேண்டும். எனவே ஐம்பத்தேழு வயதில் நிரந்தர ஆணை பெறுபவருக்கு, தற்காலிகமாகவே இருந்தால் எட்டாண்டும், நிரந்தரமானால் மூன்றாண்டும் எஞ்சுகின்றன. முந்தைய பணிக்காலத்தைச் சேர்த்தேனும் ஓய்வூதியத்துக்குரிய ஆண்டுகளை நிரப்பலாம் என்று சிலர் நீதிமன்றம் வரை சென்றனர். அக்காலத்தைக் கணக்கில் சேர்க்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் முடிவு சொன்னது. ஆகவே முப்பதாண்டு தபால் சுமந்தவரும், ஓய்வூதியக் கணக்கின்படி, நிரந்தர ஆணை கைக்கு வந்த அன்றுதான் வேலையில் சேர்ந்தவர்.