ஊரான் பிள்ளையும் டீச்சர் பிள்ளையும்

ஏத்தா பேத்தி, அந்தக் கிண்ணத்தக் கீழ வச்சிட்டுச் செத்த உக்காரு. ஒத்த இட்லியத் தூக்கிக்கிட்டுப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வந்துட்டே. பாதி காக்காய்க்கு, கொஞ்சம் உன் சேலைக்கு, மிச்சம் இந்தப் பய கன்னத்துக்குள்ள. முழுங்கமாட்டான். நீ பஸ் ஏறுற மட்டும் அதக்கி வச்சிருந்துட்டு அங்கிட்டுப் போனதும் துப்பிருவான். 2022-ல மதுரையில வச்சு ஆரம்பிச்சாகளே காலைச் சாப்பாடு, அந்தக் கிச்சடிய உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரிசையா உக்காந்து தட்ட வழிச்சுத் திங்குதுகன்னு நீயே வந்து பெருமையாச் சொல்றே. அங்க எந்த டீச்சர் கிண்ணத்தத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓடுறா? பக்கத்துல இருக்கவன் திங்கிறதப் பாத்துத்தான் பிள்ளை திங்கும். நாளான்னைக்கு எதுத்த வீட்டுப் பிள்ளைக ரெண்டையும் கூப்பிட்டு இவனோட பந்தியில வை. இட்லி பத்தாமப் போகும், இப்பவே சொல்லிட்டேன்.

ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொலவடை சொல்லுவாக. அதச் சொன்னவளுக்கு ஒண்ணு பிள்ளையே இருந்திருக்காது, இல்லாட்டி மாமியா நல்லவளா வாச்சிருப்பா.

நீ வீட்டுக்குள்ள பேசுற பேச்சத்தான் என்னால தாங்க முடியல. "எல்லாரும் இங்க கவனிங்க"ங்கிறே. யாரடி எல்லாரும்? ஒண்ணு ஜட்டி போடாம அடுப்படிக்குள்ள நிக்கிது, ஒண்ணு கோழியப் பிடிக்க ஓடுது. நேத்து மாப்ள ரசத்துக்கு உப்புக் கேட்டாரு. கையத் தூக்கிட்டுக் கேளுங்கன்னு நீ வாயால சொல்லல, உன் மூஞ்சி சொன்னுச்சு. அதென்னமோ எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் போட்டுச் சின்ன வகுப்புப் பிள்ளைகள அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு வச்சிருக்கீகளாமே. நல்ல ஏற்பாடு. அந்தக் கணக்குல நம்ம பெரியவ மொட்டு, சின்னவன் அரும்பு. மாப்ளயா? துவைச்ச துணி தன்னால மடிஞ்சு பீரோவுக்குள்ள போகுதுன்னு நம்புற மட்டும் அவரும் அரும்புதான். மொதல்ல அவருக்குப் பாடம் எடு. மலரா ஆவாருன்னு நான் சொல்லல. இருந்தாலும் எடு.

போன வாரம் அங்கன்வாடி லீவுன்னு பெரியவளக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனேல்ல? மறுநா சாயந்திரம் திண்ணையில அவ பள்ளிக்கூடம் நடத்துனா. நீ மாவாட்டிக்கிட்டு இருந்தே, பாக்கல. வீட்டுல கெடந்த செருப்ப எல்லாம் சோடி சோடியா வரிசையில வச்சா. என் செருப்பு கடைசி பெஞ்சு. உன் துப்பட்டாவத் தோள்ல போட்டுக்கிட்டா. சரி, பாட்டுச் சொல்லிக்குடுக்கப் போறா, கதை சொல்லப் போறான்னு நானும் வெத்தலைய ஒதுக்கிட்டு உக்காந்திருக்கேன். சோப்பு டப்பா ஒண்ணக் கையில எடுத்தா. அத விரலால தேச்சா. தேச்சுக்கிட்டே இருந்தா. பெறகு வாசப்படியில ஏறி நின்னு டப்பாவ மேல தூக்கிப் பிடிச்சா. திரும்பி வந்து செருப்புகளப் பாத்து, "டேய், சும்மா இருங்கடா, மிஸ்ஸு அட்டெண்டன்ஸ் ஏத்துறேன்ல, டவர் கெடைக்கல"ன்னு ஒரு அதட்டு. அம்புட்டுத்தான். மணி அடிச்சுப் பள்ளிக்கூடத்த விட்டுட்டா. வருகை ஏத்துற அந்த ஆப்பு எமிஸ்ஸோ கிமிஸ்ஸோ, அதச் செஞ்ச புண்ணியவான்கள ஒரு நா நம்ம திண்ணையில கொண்டாந்து உக்கார வைக்கணும். உன்னக் குத்தம் சொல்லல ஆத்தா. வருகைய ஏத்து, பரீட்சைய ஏத்துன்னா நீயும் எப்பத்தான் "அ" போடச் சொல்லிக்குடுப்பே? ஆனா அவ கண்ணுக்கு டீச்சர் வேலைன்னா டப்பாவத் தேய்க்கிறதுதான்.

இந்தச் சாயந்திர அழுகைக்கு வருவோம். அங்கன்வாடி ஆயாகிட்ட வாயத் தொறக்காத பெரியவ, உன் தலையக் கண்டதும் வாசல்ல உருண்டு பெரண்டு அழுகுறா. வாழப்பழத்த நீ உரிச்சுட்டியாம், திருப்பி ஒட்டணுமாம். நீ உடனே, "நான் கூட இல்லாததால வந்த வினை, என்னைக் கண்டாலே இவளுக்கு ஆகல"ன்னு மூக்கச் சிந்துறே. கூறுகெட்டவளே, பகல் பூரா அடக்கி வச்சிருந்தத ஆயா மடியிலயா கொண்டுபோய்க் கொட்டுவா? நீ மட்டும் என்ன செய்யிறே? பெரிய டீச்சர் ஒரு சொல் சொன்னா அங்க "சரிங்க டீச்சர்"னு சிரிச்சிட்டு வந்து, இங்க குண்டாவ டமார்னு வைக்கிறே. குண்டா என்ன பாவம் செஞ்சுச்சு? இருக்கிற பொறுமையப் பூரா ஊரான் பிள்ளைககிட்டச் செலவழிச்சிட்டு வந்தவளும், பகலெல்லாம் நல்ல பிள்ளையா இருந்து அலுத்தவளும் ஒரே நேரத்துல வாசல்ல முட்டிக்கிட்டா வேற என்ன நடக்கும்? அதனால பஸ்ஸ விட்டு எறங்குனதும் நேரா வீட்டுக்கு வராத. கம்மாக்கரை ஆலமரத்தடியில பத்து நிமிசம் சும்மா உக்காரு. நோட்டுத் திருத்தாத, செல்லப் பாக்காத. யாராச்சும் கேட்டா பஸ் லேட்டுன்னு சொல்லு. நம்ம ஊரு பஸ்ஸ எவன் நம்பாமப் போவான்?

இந்தத் தெருக் கெழவிக வந்து, "நாங்க எட்டுப் பெத்து வளத்தோம், உனக்கு ரெண்டுக்கே மூச்சு வாங்குதா"ன்னு கேப்பாளுக. கேட்டுக்க, நம்பாத. உங்கப்பனப் பெத்து மூணாம் மாசம் நான் களைவெட்டப் போயிட்டேன், வரப்பு வேப்பமரத்துல தூளியக் கட்டிப்போட்டுட்டு. உனக்கு வாச்ச மாதிரி சம்பளத்தோட 12 மாசம் பேறுகால லீவு எங்களுக்கு யார் குடுத்தா? அரசாங்கமே 2021-லதான் 9 மாசத்த 12 மாசமாக்குச்சு. ஆனா நாங்க எங்க வளத்தோம்? மாமியா கொஞ்சம், தெரு கொஞ்சம், மிச்சம் உங்க பெரியத்தை. எட்டு வயசுல தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டுத் திரிஞ்சவ, பள்ளிக்கூடத்து வாசலக்கூட மிதிக்கல. இன்னைக்கும் கைநாட்டு. நான் பெத்தது ஏழு. இருக்கிறது நாலு. அம்மையில ஒண்ணு போச்சு, வயித்தோட்டத்துல ரெண்டு. எட்டுப் பெத்தேன்னு சொல்றவகிட்டத் தனியா விசாரி, மிச்சக் கணக்கும் வரும்.

நீ வாத்தியார் படிப்புப் படிச்சப்ப ராத்திரி ராத்திரியா உருப்போட்டதுல பாதி எனக்கும் மனப்பாடம். மாண்டிசோரின்னு ஒரு இத்தாலிக்கார அம்மா. 1939-ல மெட்ராஸ் அடையாறுக்கு வந்து டீச்சர்மாருக்குப் பாடம் எடுத்து, உலகச் சண்டையில ஊர் திரும்ப முடியாம நம்ம கொடைக்கானல்லகூடக் கொஞ்ச காலம் இருந்துச்சு. சாமானெல்லாம் பிள்ளைக்கு எட்டுற உசரத்துல இருக்கணும்னு சொன்ன மகராசி. அதக் கேட்டு நீயும் அஞ்சறைப்பெட்டியக் கீழ எறக்கி வச்சே. மிளகாத்தூள் எந்த உசரத்துல இருக்கணும்னு சின்னவன் கண்ணக் கசக்குனப்பத்தான் வெளங்குச்சு. அந்தம்மா பெத்தது ஒத்த மகன். கல்யாணம் கட்டாமப் பெத்ததால, ஊர் வாய்க்கும் வேலைக்கும் பயந்து அவனக் கிராமத்துல வேற வீட்டுல வளரவிட்டுச்சு. ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தவ கதையே அப்படி. நீ சாயந்திரம் அஞ்சரைக்காச்சும் உன் பிள்ளைகளக் கண்ணால பாக்குறே.

பியாஜேன்னு இன்னொருத்தரு. பெத்த மூணு பிள்ளைகளையும் பக்கத்துல உக்காந்து பாத்து நோட்டுல எழுதியே பெரிய ஆளாயிட்டாராம். பொம்மையத் துணிக்கடியில ஒளிச்சு வச்சு, பிள்ளை தேடுதான்னு பாத்தாராம். நல்ல காரியம். அவரு எழுதுனப்ப பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டது யாருன்னு உன் புத்தகத்துல வரும் வரும்னு நானும் காதக் குடுத்துக்கிட்டே படுத்திருந்தேன். கடைசி வரைக்கும் வரல.

பெற்றோர் கூட்டத்துல, பிள்ளைக கையில செல்லக் குடுக்காதீகன்னு கண்டிப்பாப் பேசுனியாமே. பால்காரன் சம்சாரம் வந்து மெச்சிக்கிட்டா. அந்த நேரம் பாத்து நம்ம சின்னவன் என் மடியில உக்காந்து, கரடி ரயில் ஓட்டுறத உன் பழைய செல்லுல பாத்துக்கிட்டிருந்தான். நான் முந்தானையப் போட்டு மறைச்சிட்டேன். காபியில சீனி கொஞ்சம் கூடப் போடு, அந்த விசயம் என்னோட இருக்கட்டும்.

என்னது, நாளைக்கு வட்டார வள மையத்துல பயிற்சியா? சனிக்கெழமையும் விடமாட்டாகளா? குழந்தைகள அன்பாக் கையாளுறது எப்படின்னா? போயிட்டு வா தாயி, ஒண்ணு விடாம எழுதிக்கிட்டு வா. இதுகளயா? ரெண்டையுமா? என்கிட்டயா? ஏத்தா, இம்புட்டு நேரம் பேசுனதுலயே எனக்கு இடுப்புப் பிடிச்சிருச்சு. அதோட நாளைக்கு மானாமதுரையில ஒரு வளைகாப்பு. யாருக்கா? அதப் போய்த்தான் விசாரிக்கணும். மாப்ளைக்கு நாளைக்கு லீவுதானே?