மீன்களுக்கும் நாள்காட்டி
கன்னியாகுமரி மாவட்டத்து மீன்கள் நாள் பார்த்துத்தான் முட்டையிட வேண்டும். விசைப்படகு மீன்பிடித் தடைக்கு, சின்னமுட்டம் பக்கம் என்றால் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் பக்கம் என்றால் மேற்குக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள், ஓரவஞ்சனை கிடையாது. ஏப்ரல் கடைசியில் சினைமீன் ஒன்று குமரிமுனையைச் சுற்றி மேற்கே போனால் அங்கே விசைப்படகு காத்திருக்கும். அரசாணையைப் படிக்காதது மீனின் குற்றம். வலைக்கண் அளவுக்கும் விதி உண்டு. அது கோப்பில் பத்திரமாக இருக்கிறது. தடை முடிந்ததும் சிறுகண் வலையில் குஞ்சுகளும் வரும், கோழித் தீவனமாகும். 61 நாள் பெருகு, 304 நாள் பிடிபடு என்பதே திட்டம். வலைக்கண்ணை அளக்காமல் நாட்களை மட்டும் எண்ணினால் கடலில் மீன் மிஞ்சாது.