ஒரிஜினல் பார்ட்டி

பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிப்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர். கைநிறையச் சம்பளம் வாங்குபவர். தினமும் ஆபீஸ் போய்வர வேறொரு கார் வைத்திருப்பவர். இந்தக் கடைசித் தகுதிதான் முக்கியம். வேறு கார் இல்லாதவரிடம் இருக்கும் பழைய கார் வெறும் பழைய கார். அதற்குச் சங்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் கிடையாது, சிக்னலில் யாரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டவும் மாட்டார்கள்.

இவருக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார் இந்தியாவில் அதிகம் பிறக்கவில்லை. சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த இரண்டு கதவு ஹெரால்டு ஒன்று. பெங்களூரின் சான் நிறுவனம் 1990களின் இறுதியில் கோவாவில் செய்த, கூரை திறக்கும் சான் ஸ்டார்ம் இன்னொன்று. பெங்களூர்க்காரர் உரிமையோடு கொண்டாடுவது மூன்றாவதைத்தான்: சிபானி நிறுவனம் 1982-ல் இதே ஊரில் இறக்கிய டால்ஃபின். 848 சிசி அலுமினிய எஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன், ஃபைபர் பாடி. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் இங்கிலாந்துக்காரர் சிரிப்பார். அந்த இலேசான உடம்பு சோழவரம் ரேஸில் கனத்த கார்களைக் கடந்து ஓடியதைப் பார்த்தவர் சிரிக்க மாட்டார்.

புதுப்பிப்பவரின் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘ஒரிஜினல்’. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த காரோ பிறவியிலேயே இரவல். ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ப். அதை வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. டால்ஃபின் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன். ஸ்டார்முக்குள் இருப்பது பிரான்சின் ரெனோ எஞ்சின். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் அவர் கோபிப்பதில்லை. “அது வேற ஒரிஜினல்” என்பார்.

கார் பெரும்பாலும் ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துப் பழைய பங்களா ஒன்றின் காம்பவுண்டுக்குள், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே அகப்படும். விற்பவர் தவறாமல் சொல்வது: “போன மாசம் வரைக்கும் ஓடிட்டிருந்தது சார், பேட்டரிதான் போயிடுச்சு.” டயருக்குள் முளைத்திருக்கும் செடி அந்தப் போன மாசத்தின் வயதைக் காட்டிக்கொடுக்கும். வாங்குபவர் அந்தச் செடியைப் பார்ப்பதில்லை; ஸ்டீயரிங் வீலைப் பார்க்கிறார். கூட அழைத்துவந்த மெக்கானிக் மட்டும் குனிந்து சேசிஸைத் தட்டிப் பார்க்கிறார். ஃபைபர் பாடி துருப்பிடிக்காது. அதைத் தாங்கும் இரும்பு பிடிக்கும். விலை பேசி முடிந்த பிறகுதான் மெக்கானிக் வாய் திறக்கிறார்.

அடுத்த கட்டம் பிரித்துப் போடுவது. காரின் பூர்வாசிரம ரகசியங்கள் இங்கேதான் வெளியே வரும். நாற்பது வருடங்களில் அதை வைத்திருந்த ஒவ்வொருவரும் அவசரத்துக்கு எதையோ மாட்டியிருப்பார்: மாருதி 800-ன் வைப்பர் மோட்டார், அம்பாசடர் ஹார்ன், எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு சுவிட்ச். புதுப்பிப்பவர் ஒவ்வொன்றையும் கழற்றும்போது முன்னோரைத் திட்டுகிறார். ஆறு மாதம் கழித்து அவரே அதே இடத்தில் வேறொரு காரின் மோட்டாரைப் பொருத்துவார். அப்போது அதன் பெயர் ‘அப்கிரேடு’. தேவைக்குச் செய்தால் ஒட்டுவேலை, ஆசைக்குச் செய்தால் அப்கிரேடு. இரண்டுக்கும் போல்ட் ஒன்றே.

உதிரிபாக வேட்டையில் அவர் பெங்களூரைப் புதிதாகக் கற்கிறார். சிவாஜி நகரில் குஜிரி எனப்படும் பழைய சாமான் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது; கழற்றிய சாமானைக் கையில் எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். ஜே.சி. ரோட்டில் பேரிங்குக்குப் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. எண் தெரிந்தால் எந்த நாட்டுக் காருக்கும் பேரிங் கிடைத்துவிடும். எங்கும் கிடைக்காததைப் பீன்யா லேத்தில் கடைந்து வாங்கலாம். அங்கே விமானத்துக்குச் சாமான் செய்பவர்கூட இவருடைய புஷ்ஷுக்கு நேரம் ஒதுக்குவார். ஆனால் ஒன்று மட்டும் செய்ய மாட்டார், குறைந்தது ஐம்பது என்பார். தேவைப்பட்டது ஒன்று. மிச்சம் நாற்பத்தொன்பது பூஜையறைப் பரணில் சேர்கின்றன.

டால்ஃபின்காரருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இதே 848 சிசி எஞ்சின் இங்கிலாந்தின் மூன்று சக்கர ரிலையன்ட் ராபினிலும் இருந்ததால், கேஸ்கெட்டும் லைனரும் அங்கிருந்து இன்றும் வரவழைக்கலாம். இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் தனி லைனர்களாக நிற்பவை, சுற்றிலும் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பிளாக்கை ரீபோர் செய்யத் தேவையில்லை, லைனரையே மாற்றிவிடலாம். ஆனால் லைனர் பிளாக்கின் மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்பதில் ஒரு மயிரிழை பிசகினாலும் தண்ணீரும் ஆயிலும் கலந்து, டிப்ஸ்டிக்கை உருவினால் காப்பி நிறத்தில் வரும்.

“எப்ப பாய் ஆகும்?”

“ஆயிடுச்சு சார். ஹெட் மட்டும் ஏத்தணும்.”

“போன வாரமும் ஹெட்தான சொன்னீங்க?”

“போன வாரம் எறக்கணும்னு சொன்னேன் சார்.”

மெக்கானிக் பாய் சொன்னது பொய்யல்ல என்பதைக் கார்க்காரர் வீட்டுக்கு வந்து யோசித்த பிறகே உணர்கிறார்.

ஃபைபர் பாடிக்கு டிங்கரிங்காரர் கிடையாது. சுத்தியலுக்கு அங்கே வேலையே இல்லை. கீறலைத் தேய்த்து அகலமாக்கி, கண்ணாடிநார் மேட்டை ரெசினில் தோய்த்து ஒட்டி, காய்ந்தபின் தேய்க்க வேண்டும். ஹார்டனர் கூடினால் டப்பாவிலேயே இறுகிவிடும். குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். வேலை அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நடந்தால் ரெசின் வாடை லிஃப்ட் வழியாக நான்காம் மாடிவரை ஏறும். அதன் பிறகு குடியிருப்போர் சங்கச் செயலாளர் அனுப்பும் கடிதத்தில் காரின் பெயர் இருக்காது. ‘தங்கள் இடத்தில் உள்ள பொருள்’ என்று இருக்கும்.

பாடி தயாரானதும் அப்கிரேடு ஜுரம் உச்சத்துக்குப் போகிறது. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்பதால் முன்னால் டிஸ்க் வேண்டும் என்பார், அது நியாயம். பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், அதுவும் சரி. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் பழைய ரப்பர் டியூப்கள் ஊறிப் பாழாவதால் அவற்றை மாற்றுவது உயிர் காக்கும் விஷயம். இதோடு நிறுத்தினால் அவர் சாதாரண மனிதர். அவர் கண் மாருதி ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சின்மேல் போகும். அது நீளவாக்கில் படுத்து, ஐந்து கியரோடு பின்சக்கரத்தைத் தள்ளுவது. 40 குதிரைக்காகச் செய்த சேசிஸில் ஏறக்குறைய இரண்டு மடங்கு குதிரைகளைக் கட்ட நினைப்பவர், அவற்றை நிறுத்துவது பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்கிறார்.

சட்டம் இந்த இடத்தில் குறுக்கே வருகிறது. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ.வின் அனுமதி வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சரி, விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம் என்றால், 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். ஆக, மூத்த டால்ஃபினுக்கே 2032 வரை அந்த யோகம் இல்லை. அப்போதும் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடையாது. கட்டணம் 20,000 ரூபாய். அதைக் கட்டிய பிறகு கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் மாதிரியான காரணங்களுக்குத்தான் ரோட்டுக்குக் கொண்டுவரலாம். கடைசி நிபந்தனை மட்டும் அவரைப் பாதிப்பதில்லை. அவருடைய கார் வெளியே போவதே ரிப்பேருக்குத்தான்.

எனவே சாதாரணப் பதிவையே புதுப்பிக்கிறார். 15 வருடம் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது; 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புக்கில் உள்ள நிறத்தையும் காரின் நிறத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். ‘ஒயிட்’ என்று இருக்கிறது. எதிரே நிற்பது ரத்தச் சிவப்பு. ஃபாக்டரி சிவப்பு என்று சங்கத்தில் வாதாடி ஜெயித்ததை அங்கே சொல்ல முடியாது.

ஒருவழியாக ஒரு ஞாயிறு விடியலில் நந்தி மலைக்குப் பயணம். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் காற்று மெலிந்து, கார்புரேட்டர் எஞ்சின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை ஊரிலேயே இழந்துவிடுகிறது; மலை ஏறினால் இன்னும். சென்னையில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகம் குடித்துக் கரும்புகை விடும். ஆனால் அவருக்கு உண்மையான சோதனை நந்தியில் இல்லை, திரும்பும் வழியில் ஹெப்பாள் மேம்பாலத்தில் இருக்கிறது. வண்டிகள் நகராத அரைமணி நேரத்தில் டெம்பரேச்சர் முள் மட்டும் நகர்கிறது. ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூடு கொஞ்சம் குறையும் என்பது தெரிந்தவர் அவர். மார்ச் மாத வெயிலில் ஹீட்டரைப் போட்டு, வேர்த்து வழிய, பக்கத்துக் காரில் போட்டோ எடுப்பவரைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.

வேலை முழுதாக முடிந்த காரை அவர் அதிக நாள் வைத்திருப்பதில்லை. அடுத்த கொடிக்குக் கீழே ஒரு ஹெரால்டைப் பார்த்திருப்பார். டால்ஃபின் விற்பனைக்கு வருகிறது. வாங்க வருபவரும் நாற்பதைத் தாண்டியவர்தான். பானெட்டைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கும்.

“கார்புரேட்டர் ஒரிஜினல் இல்லையே?”

“ஒரிஜினல் பரண்ல பத்திரமா இருக்கு சார்.”

“அப்ப அதையும் சேர்த்துக் குடுத்துடுங்க.”

“குடுக்கலாம் சார். அது தனி ரேட்டு.”