குரங்குப் பெடல்: முக்கோணத்தின் வழியே ஓர் ஆய்வு

சைக்கிளை ஆராய வந்த அறிஞர் பெருமக்கள் சீட்டைத் தாண்டிக் கீழே பார்த்ததில்லை. பாருக்கும் பெடலுக்கும் நடுவே உள்ள முக்கோணச் சந்துக்குள் நடந்த போக்குவரத்தே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சிக்கலின் தோற்றுவாய். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆனாலும், லூதியானாவின் ஹீரோ ஆனாலும், வீட்டுக்கு வந்த வண்டி அப்பாவுக்கானது. 28 அங்குலச் சக்கரம், ஏறத்தாழ 20 கிலோ எடை, மூன்றடி உயரத்தில் சீட்டு. ஓட்ட ஆசைப்பட்டவனுக்கு வயது எட்டு. வாடகைக் கடையில் அரை வண்டி, முக்கால் வண்டி கிடைத்ததே என்று மறுப்போர் உண்டு. அதற்குக் காசு வேண்டும். அப்பாவின் வண்டியோ, மதியம் அவர் கண்ணயர்ந்துவிட்டால் இலவசம்.

இனி இயக்கவியல். பையன் இடப்பக்கம் நின்று, வலக்காலை முக்கோணத்துக்குள் நுழைத்து வலப்பெடலை மிதிப்பான். இடக்கை ஹேண்டில்பாரில், வலக்கை பாரையோ சீட்டையோ கட்டிக்கொண்டிருக்கும். உடம்பு இடப்பக்கம் தொங்குவதால் வண்டியை வலப்பக்கம் சாய்த்தால்தான் எடைமையம் டயருக்கு நேர்மேலே நிற்கும். யாரும் பாடம் நடத்தாமலே இது எல்லாருக்கும் வந்தது. சக்கரத்தின் சுழல்விளைவு இல்லாமலும் சைக்கிள் விழாமல் ஓடும் என்று 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் சிலர் நிறுவினார்கள். அவர்கள் சோதித்த வண்டியில் ஆளே கிடையாது. ஆள் இருந்தும் சீட்டில் இல்லாத வண்டியை நம் தெருக்கள் பல பத்தாண்டுகள் முன்பே சோதித்து முடித்துவிட்டன.

கற்போர் அரைப்பெடலில் தொடங்குவர்: பெடலை முழுச் சுற்று விடாமல் கீழே மிதித்து, மேலே இழுத்து, மறுபடி மிதித்தல். பிறகு முழுப்பெடல். செயின் வலப்பக்கம் என்பதால் காலில் கறுப்பு மசி ஒட்டும். துப்புத் துலக்க அம்மாக்களுக்கு அது போதும். நிறுத்துவதுதான் இத்துறையில் இன்னும் தீராத சிக்கல். பிரேக்கை அழுத்த விரல் எட்டாது. எனவே மணல்மேடு, வைக்கோற்போர், எதிரே வரும் தாத்தா.

புதுக்கோட்டைத் தரவு இங்கே முக்கியமானது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் அம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிள் ஏற்றியது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் பார் வைத்த வண்டியையே ஓட்டினர்; பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பவும் செய்தனர். பாருக்கு மேலே உட்காரும் வயதைத் தாண்டிய பிள்ளை பாருக்குக் கீழே போகிறது என்பது எம் துணிபு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டில் சைக்கிள் இருந்தது. வண்டி உண்டா என்று கேட்டார்களே ஒழிய, ஓட்டுபவர் பாருக்கு மேலா கீழா என்று கேட்கவில்லை.

குரங்குப் பெடல் இன்று அருகிவிட்டது. சைடு வீல் வைத்த குட்டி சைக்கிள் பால்வாடி வயதிலேயே வந்துவிடுகிறது. அரசின் விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் கைக்கு வரும்போது கால் வளர்ந்துவிடுகிறது. களஆய்வுக்காகப் பழைய வண்டியொன்றை நிறுத்தி, அக்கா மகனை அழைத்து முக்கோணத்தைக் காட்டினோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“சீட்டு மேலதானே மாமா இருக்கு?”

இக்கேள்வி ஆய்வின் வரம்புக்கு வெளியே அமைவதால் விடை தரப்படவில்லை.