கடைக்காரரைத் திட்டாதீர்கள்!

கேள்வி: எவ்வளவு தேய்த்தாலும் இட்லிப் பானையின் அடி வெளுத்தே கிடக்கிறதே, எவர்சில்வர் என்று ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: குற்றவாளி போர் தண்ணீர். நம் பக்கத்துப் பாறை இடுக்கில் ஊறும் நீரில் சுண்ணாம்பு அதிகம். கொதித்து ஆவி போனதும் அது மட்டும் பானையில் குடியேறிவிடும். சோப்புக்கு அசையாது, புளிப்புக்குக் கரையும். இட்லி அவிக்கும்போதே பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றை அடித்தண்ணீரில் போட்டுவையுங்கள்.

‘இரும்பு நார் இருக்கக் கவலை எதற்கு?’ என்பீர்கள். எவர்சில்வரைக் காப்பது, அதில் குறைந்தது 10.5 சதவீதமாவது இருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து போர்த்தும் மெல்லிய படலம். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும், வாஸ்தவம்தான். ஆனால் நார் உதிர்த்த துணுக்கு துருப்பிடிக்கும், பழி பாத்திரத்துக்கு! கல்லுப்பையும் தண்ணீர் கொதித்தபின் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் அடியில் தங்கினால் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கும். அதற்குத் திண்டுக்கல்லிலும் பூட்டு கிடையாது.